மேற்கோள் கணக்கும் மூளை மருந்தும்

நேயர்களுக்கு வணக்கம். நரம்பு மருந்தியல் ஆய்வாளர் ஒருவர் வேலைக்கோ ஆய்வு நிதிக்கோ விண்ணப்பித்தால், அவர் எழுதிய கட்டுரைகளின் பட்டியலும் கூடவே வரும். அதன் தலையில் மூன்று எண்கள் இருக்கும்: மொத்தம் எத்தனை கட்டுரைகள், மற்றவர்கள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. பெரும்பாலும் பேச்சு அந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. அது போதாது என்பது என் கட்சி.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20. ஒரே கட்டுரையை வைத்துக் காலம் ஓட்டுகிறவரையும், யாரும் தொடாத கட்டுரைகளாக எழுதிக் குவிக்கிறவரையும் அது ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். சரி. ஆனால் ஆலிவர் லோரியை என்ன செய்வது?

லோரி மூளைத் திசுவின் வேதியியலை ஆராய்ந்தவர். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவராக இருந்தவர். 1951-இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி சொன்னது. மாதிரியில் செம்பு கலந்த காரக் கரைசலை விட்டு, அப்புறம் ஃபோலின் கரைசலைச் சேர்த்தால் நீல நிறம் வரும். புரதம் கூடக்கூட நீலமும் அடர்த்தியாகும். மூளைத் திசுவை அரைத்து ஒரு நொதியை அளக்கிறவர், 'ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு' என்று எழுதியாக வேண்டும். ஆகவே ஆய்வகம் தவறாமல் லோரியின் பெயர் அடிக்குறிப்பில் ஏறியது. மேற்கோள்கள் மூன்று லட்சத்தைத் தாண்டின. ஆனால் அதை ஒரு மகத்தான கட்டுரை என்று லோரியே கருதவில்லை! இத்தனை லட்சம் இருந்தும், ஹெச்-இண்டெக்ஸ் கணக்கில் அது ஒரே ஒரு கட்டுரைதான் என்பது தனி வேடிக்கை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அர்வித் கார்ல்சன். ஸ்வீடன்காரர். மூளையில் டோபமைன் போன்ற வேதிப்பொருள்களை வற்றவைக்கும் ரெசர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்த முயல்கள் காது தொங்க அசையாமல் கிடந்தன. உடலுக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசி வழியே செலுத்தியதும் எழுந்து நடமாடத் தொடங்கின. 1957-இல் நேச்சர் இதழில் வந்த இந்தச் செய்தி மிகச் சிறியது. 1960-இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில் துறையின் பெரிய புள்ளிகள் பலர் டோபமைன் மூளையில் செய்தி கடத்துகிறது என்ற கதையை நம்பவே இல்லை. அன்றைய மேற்கோள் கணக்கை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் கார்ல்சன் தேறியிருப்பாரா, சந்தேகம்தான். அதே ஆண்டு வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் நோயாளிகளுக்கே எல்-டோபா கொடுத்துப் பார்த்த முடிவும் வந்தது. இன்றும் அந்த நோய்க்கு அதுதான் முதன்மை மருந்து. டோபமைன் இப்போது பாடப்புத்தகச் சரக்காகிவிட்டதால், அதைப் பற்றி எழுதுகிறவர்கள் 1957-ஐத் தேடிப்போய் மேற்கோள் காட்டுவது அபூர்வம். நோபல் பரிசு வந்தது 2000-இல்.

பெயர் வரிசையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் துறையில் கையால் வேலை செய்தவர் பெயர் பெரும்பாலும் முதலில் வரும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில். மூளையில் அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பியை நிறுவிய 1973 கட்டுரையில் முதல் பெயர் கேண்டஸ் பெர்ட், அப்போது ஆராய்ச்சி மாணவி. அடுத்த பெயர் சாலமன் ஸ்னைடர். 1978-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான அமெரிக்காவின் லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும் வேறு இருவருக்கும் போனது. பெர்ட்டை விட்டுவிட்டார்கள், அவர் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். மேற்கோள் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றேதான் ஏறியது.

ஆய்வுத் தொகுப்புக் கட்டுரைகள் புதுச் சோதனைக் கட்டுரைகளைவிட எளிதாக மேற்கோள் சேர்க்கும் என்பதையும், தன்னைத் தானே மேற்கோள் காட்டும் பழக்கத்தையும் விவரிக்கத் தேவையில்லை. துறையில் இருப்பவர்களுக்கு அது ஊரறிந்த ரகசியம். என் கைக்கு ஒரு பட்டியல் வந்தால், எண்களை ஒதுக்கிவிட்டு அவர் முதல் பெயராக வந்த இரண்டு கட்டுரைகளை எடுத்து, செய்முறைப் பகுதியை முழுதாகப் படிப்பேன். அப்புறம் அந்தச் சோதனையை வேறொரு ஆய்வகம் திரும்பச் செய்து அதே முடிவைக் கண்டதா என்று தேடுவேன். இதற்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். வணக்கம்.