பல்லியின் காலை மாற்றியது மரபணுவா, மரக்கிளையா?

[திரையில்: வெள்ளை மணலில் ஒரு வெளிறிய பல்லி. பக்கத்தில் அதே இனத்தின் பழுப்புப் பல்லி]

இந்த இரண்டும் ஒரே இனம்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் என்றொரு ஜிப்சம் மணல்வெளி இருக்கிறது, அங்கே வாழ்வது வெளிறியது, வெளியே கரிய மண்ணில் வாழ்வது பழுப்பு. வெள்ளை மணலில் பழுப்புப் பல்லி ஓடினால் பறவைக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரிதான். அந்த மணல்மேடுகள் உருவாகிப் பத்தாயிரம் ஆண்டுகள்கூட இருக்காது, அதாவது பரிணாமக் கணக்கில் நேற்று.

தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமியின் அளவைத் தீர்மானிக்கும் எம்.சி.1.ஆர் மரபணுவில்தான் மாற்றம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அங்கே வெளிறிப்போன இரண்டு வேறு இனங்களில் ஒரே மரபணு வேறு வேறு இடத்தில் பழுதாகியிருப்பது. ஒன்றில் அது உண்டாக்கும் புரதம் செல்லின் சவ்வில் சரியாகப் போய் உட்காருவதில்லை. இன்னொன்றில் உட்காருகிறது, ஆனால் சமிக்ஞை சரியாகப் போவதில்லை. வழி இரண்டு, நிறம் ஒன்று.

சரி, அப்போது உடலில் தெரியும் வித்தியாசமெல்லாம் மரபணுதானா? அவசரப்படாதீர்கள்.

[திரையில்: பஹாமாஸ் குட்டித் தீவுகள்]

1977இலும் 1981இலும் பல்லியே இல்லாத சில குட்டித் தீவுகளில் பழுப்பு அனோல் பல்லிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள், செடிகொடிகளின் தன்மைக்கு ஏற்பத் தீவுக்குத் தீவு கால் நீளம் மாறியிருந்தது. பருத்த தண்டில் நீளக் கால் இருந்தால் வேகமாக ஓடலாம், மெல்லிய குச்சியிலோ அதே கால் தடுமாற வைக்கும். பரிணாமம் கண்ணெதிரே நடக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் அந்தக் கால்களை அளந்த ஆய்வாளர்கள் குஞ்சுகளை எடுத்து, பாதியை அகலப் பலகைகளிலும் பாதியை மெல்லிய குச்சிகளிலும் வளர்த்தார்கள். பலகையில் வளர்ந்தவற்றின் பின்னங்கால் நீளமாக இருந்தது. மரபணு மாறவே வேண்டியதில்லை, எதில் ஏறி வளர்கிறதோ அதற்கேற்பக் கால் வளர்கிறது. தன் சொந்த முடிவின் மேலேயே சந்தேகப்பட்டு இப்படிச் சோதித்துப் பார்த்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஃபுளோரிடாவில் கதை வேறு. 1995இல் சில தீவுகளில் பழுப்பு அனோல்களை விட்டதும், அங்கிருந்த பச்சை அனோல்கள் மரத்தின் மேல்பகுதிக்கு ஏறிவிட்டன. 15 ஆண்டுகளில், சுமார் 20 தலைமுறைக்குள், அவற்றின் விரல் நுனியில் ஒட்டிப் பிடிக்க உதவும் பட்டை அகலமாகி, அதிலுள்ள செதில்களும் கூடியிருந்தன. இங்கேயும் பழுப்பு அனோல் வந்த தீவுகளின் பச்சை அனோல் குஞ்சுகளையும் வராத தீவுகளின் குஞ்சுகளையும் ஒரே கூண்டுச் சூழலில், ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. அப்படியானால் இது பரம்பரையாக வருவது.

இன்னொரு வகை வேறுபாடும் உண்டு. நடுவில் கடலோ மலையோ இருந்து கலப்பு நின்றுபோனால், சூழல் ஒன்றாகவே இருந்தாலும் மரபணு மெல்ல விலகும். 17 அனோல் இனங்களைப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், மரபணு வேறுபாட்டுக்குச் சூழலைவிட இந்தப் புவியியல் பிரிவுதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு காரணமாக இருந்தது.

[திரையில்: இத்தாலிக்குக் கிழக்கே அட்ரியாடிக் கடல், போத் மர்ச்சாரு தீவு]

இணையத்தில் அதிகம் சுற்றும் பல்லி இதுதான். 1971இல் பக்கத்துத் தீவிலிருந்து ஐந்து ஜோடி சுவர்ப் பல்லிகளை இங்கே விட்டார்கள். 36 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பெரிய தலை, பலமான கடி, அதிகம் இலைதழை உணவு, குடலில் புதிய வால்வு. "உடனடிப் பரிணாமம்" என்று தலைப்புப் போட்டு யாராவது இதைப் பகிர்ந்தால், இரண்டு தீவுக் குஞ்சுகளையும் ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வு தீவுகளில் நேரடியாகப் பிடித்த பல்லிகளைத்தான் அளந்தது.