ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஒன்றியத்துப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கூடியபோது பேசியது. வந்திருந்த தாய்மார்கள் எழுத்தில் வேண்டும் என்று கேட்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியக் குழு முன்னாள் தலைவர் ஐயா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களே, முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் மேலாக, களையெடுப்பையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு இந்தப் பந்தலில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குவது முறையாகாது. காலையில் வந்திறங்கியதும் அவர்கள் பந்தலுக்குள் வரவில்லை. நேரே பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் மாலையை வாங்கிக்கொண்டார்கள். கல்வி அலுவலர் அம்மா அவர்கள் நம் ஒன்றியத்தின் கடைக்கோடிப் பள்ளிக்கும் ஸ்கூட்டரில் போய் வருகிறவர்கள். போன ஐப்பசி மழையில் ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்து வந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சத்துணவு அமைப்பாளர்களும், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளும் பின்வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் வந்து உட்காருங்கள் என்றேன். “உலை கொதிக்குதுண்ணே” என்றார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி.

இன்று மூன்று செய்திகள் பேசலாம் என்று குறித்து வந்தேன். நம் பள்ளிகளை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பவை அவை. நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். எதைத் தொட்டாலும் என் பேச்சு கணக்கில்தான் வந்து நிற்கும். அதற்குக் காரணம் என் அப்பத்தா. கோயிலுக்குக் கொடுக்கிற நெல்லைக்கூட மரக்காலில் தலைதட்டி அளந்துதான் சாக்கில் கொட்டும். “சாமிக்குத்தானே அப்பத்தா, அள்ளிப் போடேன்” என்பேன். “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டா” என்று சொல்லும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நம் பள்ளிகளுக்கு நான் கேட்பதும் அதுதான்.

முதலில் நிர்வாகம். ஜில்லா போர்டுகள் நடத்திவந்த தொடக்கப் பள்ளிகள் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து ஒன்றியங்களின் கைக்கு வந்தன. அதனால்தான் இன்றும் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று இருக்கிறது. 1981இல் ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். பெயர் ஒன்றியத்தில் நின்றது, அதிகாரம் துறைகளுக்குப் பிரிந்து போனது. இன்று ஒரு சின்னப் பள்ளியின் வளாகத்தை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் தொடக்கக் கல்வித் துறைக்காரர். கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். அதைப் பழுது பார்க்க ஊரக வளர்ச்சித் துறை. குடிதண்ணீர் ஊராட்சியிலிருந்து வர வேண்டும். சத்துணவுக் கூடம் சமூக நலத்துறையின் திட்டம். பயிற்சியும் மானியமும் வட்டார வள மையத்தின் வழியாக. ஒரு குழாய் உடைந்தால் தலைமையாசிரியர் எந்த அலுவலகப் படியேறுவார்? இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் ஒருவர் படியேறப் போனால், ஐந்து வகுப்புக்கும் மற்றவர் ஒருவரே.

இத்தனை பேர் நடுவில் ஊருக்கு என்ன இடம்? கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் நம் மாநிலத்தில் அந்தக் குழுவை 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். குழுவுக்கு என்ன வேலை? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மூன்றாவதை மறுபடியும் சொல்கிறேன்: வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. இது சட்டம் உங்கள் கையில் கொடுத்த வேலை. 2025 ஜனவரியில் நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, ஊரில் மக்கள் கூடித் தேர்ந்தெடுத்த அமைப்பு என்று மிச்சமிருந்தது உங்கள் குழுதான். அதை நினைத்துப் பெருமைப்படுங்கள், பெருமையோடு கேள்வியும் கேளுங்கள்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பள்ளிகளை நடத்த ‘பள்ளி மாவட்டம்’ என்றே தனி அமைப்பு உண்டு, நாடு முழுக்க 13,000க்கு மேல். சில நூறு பிள்ளைகளே படிக்கும் மாவட்டங்களும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் வாரிய உறுப்பினர்களை ஊர்க்காரர்களே ஓட்டுப்போட்டு அனுப்புகிறார்கள். பணத்தில் கணிசமான பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஊர்ப் பள்ளி கொழிக்கிறது, ஏழை ஊர்ப் பள்ளி இளைக்கிறது. அந்தக் குறை நமக்கு வேண்டாம். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தை ஊர் நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசலாம் என்கிறார்கள். அது நமக்கு வேண்டும்.

இனிப் பணம். ஆசிரியர் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. செலவில் மிகப் பெரியது அதுதான். பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு எல்லாம் தனித்தனித் திட்டம். மதிய உணவைக் காமராசர் 1956இல் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. நம் பிள்ளை வயிறு நிறைந்து பாடம் கேட்பதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது. நகராட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலிக்கிறார்கள். அது தனிக் கதை, நேரமிருந்தால் கடைசியில் வருகிறேன்.

பள்ளியின் கையில் நேரடியாக வருவது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். 2018இல் வந்த ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தில், ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் வருகிற பணத்தில் இது ஒரு துளி. 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும். சில ஆண்டுகளில் பாதிதான் வந்து சேரும். 2024-25க்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய், ‘பி.எம். ஸ்ரீ’ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில் நின்றுபோய், மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. டெல்லியிலும் சென்னையிலும் நடக்கிற இழுபறி, நம் ஊர்ப் பள்ளியில் பினாயில் பாட்டிலாகக் குறைகிறது.

இந்த இடத்தில் நான் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். 42 பிள்ளைகள் படிக்கிற பள்ளி. குழுத் தலைவி ஒரு தங்கச்சி, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த 1991இல், அவளுடைய அம்மா லாந்தர் வெளிச்சத்தில் ‘பட்டா’, ‘படி’ என்று எழுத்துக் கூட்டியவர். “எழுதியிருக்கிறதைப் படிக்காம கையெழுத்துப் போடாதே” என்பது அந்த அம்மா மகளுக்குக் கொடுத்த சீதனம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். நானும் போயிருந்தேன். வந்தவர்கள் ஒன்பது பேர். தலைமையாசிரியர் நோட்டை நீட்டினார். “கையெழுத்துப் போடும்மா.” தங்கச்சி பேனாவை எடுக்கவில்லை. “என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படிங்க சார், எல்லாரும் கேக்கட்டும்” என்றாள். சார் பேசாமல் நின்றார். ஜன்னலோரம் நின்ற ஒரு பெரியவர், விவசாயி, மோட்டார் காயில் கட்டுகிறவர், “எப்படிப் படிப்பாரு? அம்பதாயிரம் வந்துச்சாம்ல, டீக்கடையில பேசிக்கிறாக” என்றார். அத்தனை பேர் முகமும் சாரைப் பார்த்தது.

அவர் பீரோவைத் திறந்தார். பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். கை நடுங்கியது. வரவு: 12,500. அந்த ஆண்டு பாதிதான் வந்திருக்கிறது. செலவு: பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், வாளி 1,850. சாக்பீஸ், சார்ட், பதிவேடுகள் 2,300. மோட்டார் காயில் 4,600. குழாய், பிளம்பர் கூலி 1,950. மின்விசிறி பழுது 1,400. கரும்பலகைக்குக் கறுப்பு 900. தொட்டி கழுவியது 700. மோட்டார் மறுபடி எரிந்து, மறுபடி காயில் 2,900. மொத்தம் 16,600.

தங்கச்சி விரல்விட்டுக் கூட்டிக் கழித்தாள். “4,100 கூட இருக்கே சார், அது ஏது?” அவர் தலையைக் குனிந்துகொண்டு, “என் சம்பளத்துல போட்டேம்மா” என்றார்.

கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அடுப்படியில் ஆயா பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் வாயைத் திறந்தவர் அந்தப் பெரியவர்தான். “மோட்டார் ஏன் சார் ரெண்டு தடவ எரிஞ்சிச்சு?” சாருக்குத் தெரியவில்லை. பெரியவர் எழுந்து போய் மோட்டார் அறையைப் பார்த்தார். சாயங்காலம் அந்த ஊரில் வோல்டேஜ் குறையும், அந்த நேரத்தில் ஓடினால் காயில் கருகும் என்றார். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். தொட்டி நிரப்பும் நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொன்னார். அதன் பிறகு அந்த மோட்டார் எரியவில்லை.

கணக்கை மூடி வைத்தபோது அந்த ஊரில் ஒரு நல்ல மனிதர் திருடனாக இருந்தார். மோட்டார் தெரிந்தவர் டீக்கடையில் இருந்தார். கணக்கை வாய்விட்டுப் படித்த பிறகு இருவரும் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று என் அப்பத்தா சொன்னது, போடுகிறவனுக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

மணி அடிக்கப் போகிறார்கள் என்று அம்மா அவர்கள் ஜாடை காட்டுகிறார்கள். மூன்றாவது செய்தி, பிள்ளைகளின் படிப்பு. கிராமத்துப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா, கணக்குப் போடுகிறார்களா என்று வீடுவீடாகப் பார்க்கும் ‘அசர்’ ஆய்வின் 2022 அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் 5 பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவில்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த கொடுமை அது. வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுக்கிற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, 2024 அறிக்கையில் நிலைமை ஏறியிருக்கிறது. வட்டார வள மையத்து நண்பர்கள் இதை விரிவாகச் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: வாசிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் கணக்குத்தான். அதையும் கூட்டத்தில் கேளுங்கள்.

என் கோரிக்கை இது. நம் ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் வாசல் பக்கத்துச் சுவரில் நாலுக்கு மூன்று அடியில் ஒரு கறுப்புக் கட்டம் வேண்டும். அதில் நான்கு வரி: வரவு, செலவு, இருப்பு, அடுத்த கூட்டத் தேதி. மாதாமாதம் அழித்து எழுத வேண்டும். சாக்பீஸ் போதும். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய், சைக்கிளை விட்டு இறங்காமலே படித்துவிட்டுப் போகிற உயரத்தில் இருக்க வேண்டும். காமராசர் காலத்தில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்நின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோது, ஊர்க்காரர்கள் நாற்காலியும் மேசையும் சீருடையும் கொண்டுவந்து குவித்தார்கள். தன் பள்ளி என்று நம்பியதால் கொடுத்தார்கள். கல்வி அலுவலர் அம்மா அவர்கள் இதற்கு ஒரு சுற்றறிக்கை தர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தராவிட்டாலும் 21ஆம் பிரிவு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு நீங்களே எழுதலாம்.

மேடைக்குப் பின்னால் கறுப்புப் பெயின்ட் 30 டப்பா இருக்கிறது. சங்கத்து நண்பர்கள் சேர்ந்து வாங்கியது. தலைவிகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், வாங்கிய டப்பா எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். வணக்கம்.