மட்டு, மரியாதை, மட்டக்கம்பு

[காட்சி: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை மலை. பனி விலகுகிறது.]

"மட்டு மரியாதை இல்லாத பய!"

எங்கள் அம்மாயி வாயில் இது நாளைக்கு நாலு தடவையாவது வரும். லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், பெரியவர் யாராவது வரும்போது காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் போதும். மரியாதை சரி, அதென்ன கூடவே ஒரு மட்டு?

மரியாதை, வடமொழியில் 'மர்யாதா'. 'சூர்ய' நம் வாயில் 'சூரிய' ஆனது போல இதிலும் நடுவில் ஓர் இகரம் நுழைந்துகொண்டது. அங்கே அதன் பழைய பொருள் எல்லை. வயலுக்கு வரப்பு, கடலுக்குக் கரை. கடல் கரை தாண்டாது. அதுபோல மனிதன் தாண்டக் கூடாத கோடு என்று பொருள் பிறகு விரிந்தது. இராமனை 'மர்யாதா புருஷோத்தமன்' என்கிறார்களே, அரசனாக இருந்தும் கோட்டுக்குள் நின்றதால் வந்த பெயர் அது.

[காட்சி: ஹட்டன் பஸ். முன் சீட்டில் ஒரு பிக்கு. காவியின் தையல் நெருக்கத்தில்.]

இந்தக் காவி துண்டு துண்டாகத் தைத்திருக்கும், கவனித்திருப்பீர்கள். மகத நாட்டு வயல்களைக் காட்டி, "இதே மாதிரி தைக்க முடியுமா?" என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாகப் பிக்குகளின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் சொல்கிறது. அந்த வயல் வரப்பைச் சொல்லுமிடத்தில் வரும் பாலிச் சொல், 'மரியாதா'!

'மட்டு' என்ற சொல்லும் அதே கதைதான். அளவு, எல்லை. யாழ்ப்பாணத்தார் "ஆறு மணி மட்டும் நின்றேன்" என்றால், ஆறு மணி வரை. ஆக, அம்மாயி ஒரே வசவில் எல்லையை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

[காட்சி: தேயிலைச் செடிமேல் கிடத்திய மட்டக்கம்பு, பறிக்கும் உயரத்தைக் காட்டும் கம்பு.]

மட்டம் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல். கம்புக்கு மேலே தலை நீட்டிய கொழுந்து கூடைக்குப் போகும், கீழே இருப்பது தப்பும்.

"மரியாதையா போயிரு" என்று மிரட்டுகிறோமே, அதில் பணிவு எங்கே இருக்கிறது? கோடு தாண்டுமுன் போ என்கிற பழைய பொருள்தான் அங்கே ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் தோட்ட நிர்வாகியான துரை வந்தால் ஒதுங்கி நிற்பதற்கும் தோட்டத்தில் இதே பெயர்தான். கோட்டை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் போட்டுவிட்டார்கள்.

அம்மாயி அப்படி நினைக்கவில்லை போலும். ஒருநாள் கொழுந்து நிறுவையில் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைக் கழித்தார். அம்மாயி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மரியாதையா எழுதுங்கய்யா."