தெருவுக்கு ஒரு ஸ்பேனர்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தல் போட இடம் தந்த கோயில் நிர்வாகிகளே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பியே, செல்லூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். சால்வைக்குப் பதில் துண்டு போர்த்தினீர்கள். அதற்குத் தனி நன்றி, கை துடைக்க ஆகும்.

உலகம் திருந்த வீட்டிலேயே செய்யக்கூடியவை என்று மூன்றைப் பேசச் சொன்னார்கள்: தண்ணீர், குப்பை, மின்சாரம். முதலில் தண்ணீர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் பத்து நிமிடம் ஒரு டம்ளரை வையுங்கள். மருந்து மூடியால் அளந்து 144-ஆல் பெருக்குங்கள், ஒரு நாளில் அத்தனை பத்து நிமிடம். 50 மில்லி இருந்தால் ஒரு நாளைக்கு 7.2 லிட்டர். வருடத்துக்கு 2,628 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் 175 குடம். சுமந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கனம்.

நம்ம வந்திப் பாட்டி கதை தெரியாதவர் இந்தப் பந்தலில் இருக்க முடியாது. வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு அடைக்க வேண்டும் என்கிறான் பாண்டியன். பிட்டு விற்கும் கிழவிக்கு ஆள் ஏது? சோமசுந்தரரே கூலியாளாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. அன்றைக்கென்று பார்த்து அத்தனை பிட்டும் உதிர்கிறது! வயிறாரத் தின்றார், ஆடினார், பாடினார், மண்கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். அரசன் பிரம்பால் ஓர் அடி போட்டான். அந்த அடி ராணி முதுகில், மந்திரி முதுகில், அடித்தவன் முதுகிலும். (சிரிப்பு.) ஆவணி மூலத்தில் பிட்டுத் திருவிழா பார்க்கப் புட்டுத்தோப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த அடியைத்தான் பேசுவார்கள். எனக்கு வந்தி பங்குதான் கண்ணில் நிற்கிறது. ஊரே அடைத்தாலும், அந்த ஒரு பங்கு வழியே ஆறு உள்ளே வரும்.

உங்கள் பங்கு அரை இஞ்ச் வாஷர், குழாய்க்குள் தண்ணீரை அடைக்கும் சின்ன ரப்பர் வட்டு. கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பிடிக்குக் கீழுள்ள நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பினால் தண்டு வெளியே வரும். அதன் அடியில் இருக்கும் தேய்ந்த வாஷரை மாற்றி, திரும்பப் பூட்டுங்கள். கால் சுற்றில் திறக்கிற புது மாடல் குழாய்க்கு இந்த வைத்தியம் ஆகாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

மாற்றியும் சொட்டினால் வாஷரைத் திட்டாதீர்கள். உள்ளே அது உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்திருந்தால் சுரண்டினால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் குழாயையே மாற்ற வேண்டியதுதான். மாதக்கணக்கில் சொட்டவிட்டால் மணலோடு தண்ணீர் ஒரே இடத்தில் அறுக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும், மணல் ஊரப் பித்தளையும் தேயும்! சொட்டுகிறதே என்று பல்லைக் கடித்து இறுக்கி மூடுவதும் கூடாது. ரப்பர் நசுங்கி இன்னும் சொட்டும்.

கழிப்பறைத் தொட்டியின் கசிவு காதுக்குக் கேட்காது. சொட்டு நீலம் நாலு துளி விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கீழே நீலம் இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது.

1895-இல் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் ஐயா இது. வைகை அணையில் தேங்கி மதுரைக்கு வருவது, வாஷர் தேய்ந்து சாக்கடைக்கா போவது?

மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் ஒரே விண்ணப்பம். தெருவுக்கு ஒரு பெட்டி வேண்டும். பத்து இஞ்ச் ஸ்பேனர் ஒன்று, அரை இஞ்ச் வாஷர் ஒரு டஜன், குழாய் மரையில் சுற்ற டெஃப்லான் டேப் இரண்டு சுருள். சாவி பெட்டிக்கடையில் தொங்கட்டும். தெருக்குழாயில் பிடி உடைந்தால் குச்சி செருகி வைக்கும் பழக்கம் அன்றோடு போகும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். குப்பையும் மின்சாரமும் இன்னொரு நாளைக்கு. மேடைக்குக் கீழே மேசையில் மூன்று பழைய குழாய்கள் இருக்கின்றன. தாய்மார்கள் முதலில் வாருங்கள், கழற்றி மாட்டிப் பார்க்கலாம்.