ஒரே காம்பிராவில் காய்ச்சல்காரப் பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும்

வணக்கம், எல்லாரும் சுகமா? இன்றைக்கு வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுகிறேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மகள் படுத்திருக்கிறாள். காய்ச்சல். இன்றோடு நான்கு நாள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது, தரம் ஒன்று படிக்கிறாள். நான் முழுகாமல் இருக்கிறேன், இது 26ஆவது வாரம். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நானும் மகளும் மாமியாரும்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, கால் வலிக்குது" என்றாள். மேட்டுப் பாதையில் நடந்து வந்ததால் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ரொட்டிக் கல் மாதிரிச் சுடுகிறது. காலையில் ஓடிப்போன பிள்ளை அது. வெறும் தடிமல் என்றால் மெல்ல மெல்லத்தான் வரும். மூக்கு ஒழுகும், தும்மும், ஆனாலும் பிள்ளை விளையாடிக்கொண்டு இருக்கும். இன்ஃப்ளுவென்சா, அதாவது ஃப்ளூ, அப்படி இல்லை. மத்தியானம் வரைக்கும் நன்றாக இருந்த பிள்ளையைப் பின்னேரம் படுக்கையில் போட்டுவிடும். மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஃப்ளூ என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு அவள் வகுப்பில் 11 பிள்ளைகள் வரவில்லையாம்.

எனக்கு முதலில் வந்தது பயம். அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த மகள் வயிற்றில் 7 மாதமாக இருந்தபோது எனக்கு இதே ஃப்ளூ வந்தது. அண்ணன் மகனிடமிருந்து தொற்றியது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மருந்து எதுவும் குடிக்கக் கூடாது என்று சுற்றியிருந்த எல்லாரும் சொன்னார்கள். நானும் கொத்தமல்லித் தண்ணி குடித்துக்கொண்டு மூன்று நாள் கம்பளிக்குள் கிடந்தேன். மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றி, அந்த வளைவுகளில் எல்லாம் குலுங்கிக் குலுங்கிக் கீழே கொண்டுபோனார்கள். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில், முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கோடு இருந்தேன். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே அந்த ஒரு கிழமையும் கழிந்தது. தடிமல் காய்ச்சல்தானே என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு கடுமையாக வருகிறது என்று அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயிறு பெரிதாகப் பெரிதாக நுரையீரலுக்கு இடம் குறைகிறது. இருதயம் இரண்டு உயிருக்கு வேலை செய்கிறது. வயிற்றுப் பிள்ளையைத் தாங்கிக்கொள்வதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மாறிவிடுகிறது. 2009இல் எச்1என்1 என்கிற ஃப்ளூ உலகம் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கும். அப்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 100க்கு ஒருவர்தான், ஆனால் அங்கே அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் 100க்கு 5 பேர் அளவுக்குக் கர்ப்பிணிகள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னால், அவர்களுக்குப் பதில் சொல்ல உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கட்டும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல்காரரைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிப்பறை கொடுங்கள் என்று இன்டர்நெட் முழுக்க எழுதியிருக்கிறது. எங்களுக்கு இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒன்று, பின்னால் குசினி, முன்னால் பலகை அடித்த இந்த இஸ்தோப்பு. இதில் தனி அறைக்கு எங்கே போவது? மலையகத்தில் என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பீர்கள்! அதனால்தான் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல வந்தேன்.

படுக்கையைப் பிரித்தோம். மகளும் மாமியாரும் உள்ளே, நான் இங்கே இஸ்தோப்பில். மகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, மூக்குத் துடைப்பது, உடம்பு துடைப்பது எல்லாம் மாமியார்தான். அவருக்குச் சீனி வருத்தமோ நெஞ்சு வருத்தமோ இல்லை, வயதும் 58தான், அதனால்தான் நான் ஒத்துக்கொண்டேன். சீனி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கும் ஃப்ளூ நம்மைப் போலவே ஆபத்துதான். அப்படிப்பட்ட பாட்டியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நாம் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. மகள் எழுந்து நடமாடும்போது அவளுக்கும் மாஸ்க், மாமியாருக்கும் மாஸ்க், உள்ளே போக வேண்டி வந்தால் எனக்கும் மாஸ்க். கோப்பை, துவாய், தலையணை தனி. மூக்குத் துடைத்த துணியைக் கண்ட இடத்தில் போடாமல் ஒரு பையில் கட்டி வைக்கிறோம்.

ஜன்னல் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. இங்கே பனிக் காலத்தில் நாலு மணிக்கே எல்லாரும் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். பனி பட்டால் சளி பிடிக்கும் என்பது மாமியாரின் பேச்சு. அத்தை, பனியில் கிருமி இல்லை, மனிதர்களிடம்தான் இருக்கிறது, குளிருக்கு எல்லாரும் அடைத்துக்கொண்டு ஒரே மூச்சைத்தான் மாற்றி மாற்றி விடுகிறோம் என்று சொன்னேன். கடைசியில் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் மேசும் போட்டுவிட்டு, ஜன்னலை இரண்டு சாண் திறந்து வைக்கச் சம்மதித்தார். அடுப்புப் புகையும் உள்ளே தங்காமல் போகிறது, அதுவும் நல்லதுதான்.

கை கழுவுவது பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். பீலியில் தண்ணீர் வருவதே காலையில் ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம் என்கிற வீட்டில் என்ன செய்வது? நாங்கள் ஒரு சின்ன வாளியும் சவர்க்காரமும் வாசலில் வைத்துவிட்டோம். கையை நனைத்து, சவர்க்காரம் போட்டு 20 வரைக்கும் மெல்ல எண்ணித் தேய்த்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் கழுவினால் போதும்.

ஆனால் ஒன்று. ஃப்ளூ உள்ளவரிடமிருந்து காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முந்தியே கிருமி பரவ ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் என்னைக் கட்டிக்கொண்டுதான் படுத்தாள். என் வயிற்றில் கை வைத்துத் "தம்பி தூங்கிட்டானா" என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள், தினமும் அப்படித்தான். அப்போதே தொற்றியிருக்கலாம். தொற்றினால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் தெரிந்துவிடும். அதனால் காலை மாலை எனக்கே காய்ச்சல் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு வந்தால் இந்தத் தடவை மூன்று நாள் கிடக்க மாட்டேன். அன்றைக்கே போவேன். ஒசெல்டமிவிர் என்று ஃப்ளூவுக்கு ஒரு மருந்து இருக்கிறது, டாக்டர் எழுதித் தந்தால் கர்ப்பிணிகளும் குடிக்கலாம். காய்ச்சல் ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் குடித்தால் பலன் அதிகம். போன தடவை அந்த 48 மணி நேரத்தைத்தான் கொத்தமல்லித் தண்ணியில் போக்கினேன். கொத்தமல்லித் தண்ணி தொண்டைக்கு இதம், குடியுங்கள், ஆனால் அதைக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல், அதாவது பரசிட்டமோல், குடிக்கலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் காய்ச்சல் கூடுவது பிள்ளையின் முதுகெலும்பு, மூளை உருவாவதைப் பாதிக்கலாம் என்பதால் காய்ச்சலைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவை நல்லதல்ல, டெங்கு என்றால் இரத்தப்போக்கையும் கூட்டிவிடும். நம்ம குளிரில் டெங்கு எங்கே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் மாதிரி கொழும்புக்கும் தோட்டத்துக்கும் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே! அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் முழுகாமல் இருப்பதை முதலில் சொல்லி, கிளினிக் கார்டை எடுத்து நீட்டுங்கள். போன தடவை ஓர் இடத்தில் எனக்குச் சிங்களம் சரியாக வராமல், வயிற்றைக் காட்டிக் காட்டிப் பேசியும், இரண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது கார்ட் என் கைப்பையை விட்டு வெளியே வருவதே இல்லை.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, தலை சுற்றி நிற்க முடியாமை, பனடோலுக்கும் இறங்காத காய்ச்சல், பிள்ளை அசைவு குறைவது, சுகமாகிவிட்டது என்று நினைக்கும்போது காய்ச்சல் திரும்ப வருவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. லயத்து வாசல் வரைக்கும் வண்டி வராவிட்டால் எந்தச் சந்தியில் நிற்கும் என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

ஃப்ளூ தடுப்பு ஊசியும் போட்டிருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன்பு கண்டிக்குப் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் போட்டேன். நம்ம கிளினிக்கில் டெட்டனஸுக்குப் போடுகிற ஏற்பூசி வேறு, இது வேறு. எந்த மாதத்திலும் போடலாம், அதில் இருப்பது செத்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் விடுகிற மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. போட்டு இரண்டு கிழமையில் வேலை செய்யும். 2010 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, இஸ்ரேல் நாடுகளில் பார்த்ததில், ஊசி போட்ட கர்ப்பிணிகள் ஃப்ளூவால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வருவது சராசரியாக 40 சதவீதம் குறைந்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான், அதனால்தான் ஊசி போட்டும் இஸ்தோப்பில் படுக்கிறேன். ஆனால் எனக்குப் பெரிய ஆறுதல் வேறு. பிறந்த பிள்ளைக்கு 6 மாதம் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அம்மா போட்டால் அந்தப் பாதுகாப்பு வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். என் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிற பையனுக்குப் போன வெள்ளிக்கிழமையே காய்ச்சல், காலையில் பனடோல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து லயத்து அக்காதான், நேராகப் போய்க் கேட்டேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ன செய்யச் சொல்ற தங்கச்சி? மலைக்குப் போகாட்டி அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. பிள்ளைக் காம்பிராவுல பெரிய பிள்ளைகள எடுக்க மாட்டாங்க. தனியாவா விட்டுட்டுப் போறது?" எனக்குப் பதில் இல்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான், நானும் அப்படிக் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைதான்.

அன்று இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் போட்டேன். யாரையும் குறை சொல்லவில்லை. நான் முழுகாமல் இருக்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வார்த்தை போடுங்கள், மருந்து கொடுக்காமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆன பிறகு அனுப்புங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அதையும் சொல்லுங்கள், சேர்ந்து ஏதாவது வழி பார்ப்போம் என்றேன். டீச்சர் வகுப்பு ஜன்னலைத் திறந்து வைப்பதாகவும், வராத பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடத்தைக் குழுவிலேயே போடுவதாகவும் சொன்னார். மலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, வேலைக்குப் போகிற தாய்மாரின் காய்ச்சல் பிள்ளைகளுக்கு மத்தியானம் போய்க் கஞ்சி கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவர் வயதை நினைத்து, வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் பாட்டி, கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

அப்புறம், குழுவில் இல்லாமல் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது. அதே வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா. எட்டாவது வாரமாம், வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லையாம், மகனுக்குக் காய்ச்சல், இரவு பகலாக மடியில் வைத்திருக்கிறாராம். உடனே அழைத்துப் பேசினேன். மிட்வைஃப் மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்தேன். அவருக்காகத்தான் இந்த வீடியோ. அக்கா, பார்க்கிறீர்கள் என்று தெரியும். நாளைக்குக் காலையிலேயே போய்க் காட்டுங்கள்.

உள்ளே மகள் எழுந்துவிட்டாள் போல, சத்தம் கேட்கிறது. மாமியார் காய்ச்சல் பார்க்கிறார்... எவ்வளவு அத்தை? 99. சரி, இறங்கியிருக்கிறது. கஞ்சி கேட்கிறாள். அங்கிருந்தே "தம்பி தூங்கிட்டானா" என்று கத்துகிறாள், கேட்டதா? இன்னும் தூங்கவில்லை மகள், உதைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.