மார்கழியில் கனடாவுக்கு எத்தனை மணிக்கு அழைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியம் பார்க்கிறேன். குளிர்காலச் சோர்வைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலியில் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. மார்கழியிலும் மின்விசிறி போடாமல் படுக்க முடியாத ஊர் இது. ஆனால் இந்தப் பருவத்தில் வருகிற அம்மாமார் பலர், தங்கள் பிரஷர் குளிசையை எழுதுவித்துக்கொண்டு எழும்பும்போது ஒன்று கேட்பார்கள்: "டொக்டர், கனடாவில இருக்கிற மகன் முந்தி மாதிரிக் கதைக்கிறான் இல்லை. எப்ப எடுத்தாலும் நித்திரை எண்டுறான். என்ன செய்யிறது?"

அவனுக்குப் பஞ்சி பிடித்துவிட்டது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். பல வேளைகளில் அது பஞ்சி இல்லை, வெளிச்சம் போதாத குறை.

நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். டிசம்பரிலும் எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். அதே நாட்களில் ரொறன்ரோவில் 9 மணித்தியாலம்கூட இல்லை. லண்டனில் 8க்கும் குறைவு, ஒஸ்லோவில் 6க்கும் குறைவு. விடியமுன் பஸ் ஏறி, யன்னல் இல்லாத களஞ்சியத்தில் நின்று வேலை செய்து, இருட்டின பிறகு வீடு திரும்புகிற பிள்ளை வாரக்கணக்காகச் சூரியனைக் காணாமலே இருந்துவிடலாம்.

கண்ணின் விழித்திரையில் சில கலங்கள் இருக்கின்றன. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்கு அறிவிப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. நித்திரைக்கு உடம்பைத் தயார்செய்ய இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹோர்மோன் காலையில் அடங்குவதும், உடம்பு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்வதும் அந்தச் செய்தியை வைத்துத்தான். அது பிந்திப் போனால் உடம்புக்கு விடிவதில்லை. 1984இல் அமெரிக்காவில் நோர்மன் ரோசென்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய குழுவினரும் இந்தப் பருவகால மனச்சோர்வை விவரித்து எழுதினார்கள். வழக்கமான மனச்சோர்வில் பெரும்பாலும் நித்திரையும் பசியும் கெடும். இதில் அனேகமாக மறுபக்கம்: நித்திரை கூடும், பாண், சோறு, இனிப்பு என்று மனம் அலையும், நிறை ஏறும், ஆட்களோடு சேரப் பிடிக்காது. தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்கள், அதுதான் இங்கே அம்மாவுக்கு முதலில் உறைக்கிறது.

"வீட்டில லைற் எல்லாம் போட்டுத்தானே இருக்கினம்?" என்று கேட்பீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் தரும். முகில் மூடிய நாளிலும் வெளியே பகலில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆகவே காலையில் அரை மணித்தியாலம் வெளியே நடப்பதுதான் முதல் வைத்தியம், காசும் இல்லை. அது முடியாதவர்களுக்கு 10,000 லக்ஸ் தருகிற வெளிச்சப் பெட்டிகள் அங்கே விற்பனைக்கு உண்டு. எழும்பின கையோடு, இருபது முப்பது நிமிடம், நேரே உற்றுப் பார்க்காமல் அதற்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். மாலையில் போட்டால் நித்திரை குழம்பும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், மனம் மிதமிஞ்சி எழுந்தும் விழுந்தும் போகிற இருமுனை நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவேண்டாம். எங்கள் ஆட்களிடையே நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

விற்றமின் டி பற்றியும் கேட்கிறார்கள். கறுத்தத் தோலுக்கு அதைத் தயாரிக்கக் கூடுதல் வெயில் வேண்டும். பிரித்தானியாவில் குளிர்காலத்தில் எல்லாரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறார்கள். எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. மனதைத் தூக்கிவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சோர்வு நீடித்தால் இரத்தச்சோகையும் தைரொயிட்டும் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், எல்லாப் பழியையும் பனியில் போடக்கூடாது.

சரி, கொழும்பில் இருக்கிற நீங்கள் என்ன செய்யலாம்? அழைக்கிற நேரத்தை மாற்றுங்கள். இங்கே பின்னேரம் ஆறரை என்றால் ரொறன்ரோவில் காலை எட்டு, அப்போதுதான் வெயில் வந்திருக்கும். லண்டன் என்றால் எங்கள் பிற்பகல் இரண்டு, அங்கே எட்டரை. விடுமுறை நாளில் அந்த நேரம் எடுத்து, "ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியில நடந்து கதை, ராசா" என்று சொல்லுங்கள். கலியாணப் பேச்சும் வீட்டுக்கடனும் அன்றைக்கு வேண்டாம். மச்சாள் வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்லுங்கள்.

இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் மட்டும் வெளிச்சம், நடை என்று காத்திருக்கவேண்டாம். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கனடாவில் 988, பிரித்தானியாவில் 116 123, இங்கே 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்களை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

மார்ச்சில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், கனடாவில் முந்தி, லண்டனில் மாதக் கடைசியில். அதன் பிறகு எங்கள் ஆறரை ரொறன்ரோவில் ஒன்பது மணி. நீங்கள் ஐந்தரைக்கே எடுக்கலாம். வணக்கம்.