செய்தியாகாத செய்திப்படம்

நண்பர்களே, வணக்கம். இப்போது திரையில் பார்த்தீர்களே, பார்ஹாம் என்ற பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் பக்கவாட்டில் சாய்கிறது, அதன் உடல்மேல் மனிதர்கள் ஏறி ஓடுகிறார்கள், சட்டென்று வெடித்து ஒரே புகை. இதை உங்களில் பலர் முன்பே எங்காவது பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு இந்தக் காட்சிமேல் அப்படி ஒரு பிரியம். 1950-களில் வந்த ஹாலிவுட் பறக்கும் தட்டுப் படம் ஒன்றில்கூட இதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்! எடுத்தவர் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர் பெயர் ஜான் டர்னர். கோமான்ட் பிரிட்டிஷ் நியூஸ் கம்பெனியின் கேமராமேன்.

டிவி வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், பிரிட்டனில் நகரும் செய்தியைப் பார்க்க சினிமா தியேட்டருக்குத்தான் போகவேண்டும். பாத்தே, மூவிடோன், பாரமவுண்ட், யுனிவர்சல், கோமான்ட் என்று ஐந்து நியூஸ்ரீல், அதாவது செய்திப்படக் கம்பெனிகள். வாரத்துக்கு இரண்டு முறை, திங்களும் வியாழனும், புதுப் பதிப்பு. போட்டி என்றால் சாதாரணப் போட்டி இல்லை. 1936 கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் படமெடுக்கும் உரிமை பற்றித் தகராறு வந்து, வெம்பிளி மைதானத்துக்கு மேலே ஆட்டோஜைரோவில் பறந்து எடுத்தார்கள். ஹெலிகாப்டருக்கு முந்தைய விமானம் அது. ஆட்டத்தைக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எவ்வளவு இரைச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் போட்டி என்ற பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் டர்னர். போர் வந்ததும் போட்டிக்கு ஓய்வு. ஒருவர் எடுத்ததை எல்லாக் கம்பெனிகளும் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. டர்னரைப் பிரிட்டிஷ் கடற்படையோடு அனுப்பினார்கள்.

1941 நவம்பர் 25, மாலை நேரம். எகிப்தின் கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் குயின் எலிசபெத், பார்ஹாம், வேலியன்ட் என்று மூன்று போர்க்கப்பல்கள். ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-331, காவல் கப்பல்களுக்கு நடுவே நுழைந்து பார்ஹாமைக் குறிவைத்தது. மூன்று டார்பிடோக்கள் பாய்ந்தன. டர்னர் இருந்தது வேலியன்டில்.

அடிபட்டதிலிருந்து வெடிக்கும் வரை பார்ஹாமுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கு நிமிடம். அந்தக் காலத்து நியூஸ்ரீல்காரர்களின் செல்லக் கேமரா நியூமன் சின்க்ளேர்; கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கைச் சாவி கொடுத்து ஓட்டுவது. அதில் 200 அடி பிலிம் பிடிக்கும். கணக்குப் போட்டால் இரண்டேகால் நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இப்போது போல விரலை வைத்துவிட்டு மறந்துபோக முடியாது. எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்திப் பிலிமை மிச்சம் பிடிப்பது, இதுதான் தொழிலே. கண்ணெதிரே கப்பல் கவிழும்போது அதைத் தீர்மானிக்க வேண்டும். எதிரே அந்தக் கப்பலில் 1,100-க்கும் மேற்பட்ட ஆட்கள். 800-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சில ஆவணப்படங்களில் இந்தக் காட்சியோடு பெரிய வெடிச்சத்தம் கேட்கும். அது பின்னால் சேர்த்தது. டர்னர் எடுத்தது ஊமைப்படம்.

சரி, படம் லண்டனுக்குப் போய் அடுத்த வியாழக்கிழமை தியேட்டரில் ஓடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பார்ஹாம் மூழ்கிவிட்டது என்பது ஜெர்மானியருக்கே உறுதியாகத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று கடற்படைத் தலைமை மூடி மறைத்தது. இறந்தவர்களின் வீட்டுக்கு, விஷயத்தை வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடுதான் தகவல் போனது. 1942 ஜனவரி 27 அன்றுதான் அறிவித்தார்கள். ஹெலன் டங்கன் என்ற ஆவியுலக அம்மையார், பார்ஹாம் மாலுமியின் ஆவி தன்னிடம் வந்து சொன்னதாக அதற்கு முன்பே பேசிவிட்டாராம். 1944-ல் அவரை 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தில் தண்டித்தார்கள். அது தனிக் கதை. என்னைக் கேட்டால் ஆவியெல்லாம் வேண்டியதில்லை. 800 வீடுகளுக்கு மேல் தெரிந்த ரகசியம் எத்தனை நாள் நிற்கும்?

அறிவிப்பு வந்த பிறகும் படம் வரவில்லை. போர் முடியும்வரை பெட்டியில் கிடந்தது. மூன்றே நாளில் பழசாகிற சரக்கை விற்று வாழ்ந்தவர் டர்னர். அவருடைய மிகச் சிறந்த படம், செய்தி செத்து நாலு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. கடற்படை மறைத்ததை நான் தவறென்று சொல்லமாட்டேன். யுத்தத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அப்புறம்? ரிப்பன் வெட்டுகிற படத்துக்கெல்லாம் தனி உரிமை என்று அடித்துக்கொண்ட தொழில் இது. அதில் இந்தக் காட்சி மட்டும் ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது.

போருக்குப் பிறகு அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1947-ல் ஆட்சி கைமாறியதைப் படமெடுத்தார். அடுத்து, 1950-களில் கிடைத்த வேலை முற்றிலும் வேறு தினுசு: அரச குடும்பத்து நிகழ்ச்சிகளை எல்லா நியூஸ்ரீல் கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒருவராக எடுப்பது. பார்ஹாமைப் படம்பிடித்த ஆளுக்குத் தொப்பியும் கையசைப்புமா என்று சிலர் இரங்குகிறார்கள். நான் இரங்கமாட்டேன். ராணி ஒரு படிக்கட்டில் ஒரு தடவைதான் இறங்குவார். தவறவிட்டால் எல்லாக் கம்பெனிக்கும் படம் போச்சு. அங்கேயும் அதே 200 அடிக் கணக்குதான்.

1953-ல் ராணியின் முடிசூட்டு விழாவை பிபிசி டிவியில் நேரடியாக ஒளிபரப்பியது. நகரும் செய்தி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கோமான்ட் பிரிட்டிஷ் நியூஸ் 1959-ல் மூடியது, பாத்தே 1970-ல். டர்னர் முதுமையில் தன் நினைவுகளை எழுதி, 2001-ல் அது புத்தகமாக வந்தது. காட்சியைக் கடன் வாங்குகிற படங்கள் இன்னமும் அவர் பெயரைப் போடுவதில்லை.